ஸ்கோப்பை யார் மாட்டுவது? ஒரு .30-06 ரைஃபிளின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் பேசப்படும் ரைஃபிள் ஒரு ரெமிங்டன் 700. .30-06 தோட்டா போடுவது. 1962-ல் வந்த மாடல். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிற வீடுகளில் பரவலாக இருக்கிறது. பென்சில்வேனியாவில் எங்கள் தெருவில் குடியிருக்கும் பெரியவர் ஒருவருக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்த துப்பாக்கி இது. அப்பா காலத்து ஸ்கோப் (குறி பார்க்கத் துப்பாக்கியின் மேல் மாட்டும் தொலைநோக்கி) உள்ளே ஈரம் கோத்து மங்கிப்போனதால் புதிதாக ஒரு 3-9x40 ஸ்கோப் வாங்கினார், அதாவது 3 முதல் 9 மடங்கு வரை பெருக்கிக் காட்டும், 40 மில்லிமீட்டர் முன்லென்ஸ் உள்ளது. வாங்கிய கடையிலேயே இலவசமாக மாட்டிக் கொடுத்தார்கள். அதிலிருந்து அந்தத் துப்பாக்கி குறி வைத்த இடத்தில் சுடவில்லை.

ஸ்கோப்பை நாமே மாட்டுவதா, கூலி கொடுத்து மாட்டுவதா என்பதைப் பெரும்பாலும் காசுக் கணக்காகவே பேசுகிறார்கள். இந்தத் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்துத் திரும்ப மாட்டியதில் எனக்குப் பட்டது வேறு. இந்த வேலையில் உலோகத்தைத் துளைக்கிற, மரை போடுகிற பகுதி ஒன்று உண்டு. அதில் வீட்டில் கை வைக்கக் கூடாது. சுடுபவரின் கண்ணுக்கும் தோளுக்கும் பொருத்தி, சுட்டுப் பார்த்து உறுதி செய்கிற பகுதி இன்னொன்று. அதை நமக்காக வேறு யாரும் செய்ய முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஸ்க்ரூ முடுக்கும் வேலை, பொறுமை உள்ள யாருக்கும் வரும். காசு எங்கே கொடுப்பது என்பது இந்தப் பிரிவினையைப் பொறுத்தது.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நண்பருடைய துப்பாக்கிதானே, ஸ்க்ரூ முடுக்குவதில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. க்ரீன் கார்டு வந்த பிறகுதான் நான் இந்தப் பக்கமே போனேன்.

கோளாறு எப்படித் தெரிந்தது

பென்சில்வேனியாவில் ரைஃபிளால் மான் வேட்டையாடும் பருவம் வெகுகாலம் தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நான்காம் வியாழன்) அடுத்த திங்கட்கிழமை தொடங்கிக்கொண்டிருந்தது. 2019 முதல் அதற்கு முந்தைய சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். தேதி மாறினாலும், அதற்கு முன்னால் வருகிற சில வாரங்களில் கடைகளில் இருக்கிற நெரிசல் மாறவில்லை. வருடம் முழுக்க அலமாரியில் கிடந்த துப்பாக்கிகள் எல்லாம் ஒரே சமயத்தில் கவுண்டருக்கு வரும். பெரியவரின் துப்பாக்கியும் அப்படிப்பட்ட ஒரு மாலையில்தான் போனது. கவுண்டரில் இருந்த பையன் பேஸ் (துப்பாக்கியின் மேல் ஸ்க்ரூவால் பிடிக்கும் அடித்தகடு), ரிங் (அதன்மேல் ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்), ஸ்கோப் எல்லாவற்றையும் மாட்டி, குழலுக்கும் ஸ்கோப்புக்கும் நேர் பார்த்து, அவர் காத்திருக்கும்போதே கையில் கொடுத்துவிட்டான்.

ரேஞ்சில் 100 கெஜத்தில் முதல் சில குண்டுகள் காகிதத்தில் விழுந்தன. ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் குமிழைக் கிளிக் கிளிக்காகத் திருகி நடுவுக்குக் கொண்டு வந்தோம். அடுத்தது நடுவில். அதற்கடுத்தது மூன்று அங்குலம் மேலே. திரும்பத் திருகினால் இடது பக்கம் ஓடுகிறது. ஆற வைத்துச் சுட்டாலும் அதே கதை. அடுத்த முறை போனபோது குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் விழுந்த கூட்டம்) மொத்தமுமே வேறு இடத்துக்குப் போயிருந்தது, ஐந்து அங்குலத்துக்கு மேல் விரிந்து. தோட்டாவை மாற்றிப் பார்த்தார். குழல் தேய்ந்திருக்குமோ என்றார். ஸ்கோப்பே மட்டமான சரக்கோ என்று சந்தேகப்பட்டார்.

ஸ்கோப் கெட்டிருந்தாலும், மவுண்ட் ஆடினாலும், குழல் தேய்ந்தாலும் காகிதத்தில் தெரிவது கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் விலை குறைவான சந்தேகத்திலிருந்து தொடங்க வேண்டும். புதுக் குழலுக்குச் செலவழிக்கும் முன்னால் ஒரு ஆலன் கீயை எடுப்பது நல்லது. இந்த ஒழுங்கைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். தோட்டாப் பெட்டி பெட்டியாகக் காலியாகிறது.

மேஜையில் பிரித்தபோது

மேகசினைக் காலி செய்து, போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்னால் பூட்டும் உருளை) வெளியே எடுத்து, பின்பக்கமிருந்து குழல் வழியே வெளிச்சம் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். வேலை முடியும் வரை போல்ட் வேறு அறையில் இருந்தது. தோட்டா அந்த மேஜைப் பக்கமே வரவில்லை.

பிரிக்கும் முன்பாக ஒரு சோதனை. விரல் நுனியைப் பேஸும் ரிசீவரும் (குழலும் போல்ட்டும் பொருந்தும் நடு உடல்) சேரும் விளிம்பில், பாதி இதன்மேல் பாதி அதன்மேல் படும்படி வைத்துக்கொண்டு, மறு கையால் ஸ்கோப்பின் முன்பாகத்தைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். பின் பேஸில் ஒன்றும் தெரியவில்லை. முன் பேஸில் ஒரு மெல்லிய நகர்வு இருந்தது.

முதலில் ரிங்குகளைக் கழற்றினோம். மேல் மூடியின் ஒரு பக்கம் கீழ்ப்பகுதியோடு முழுக்க ஒட்டியிருந்தது. மறுபக்கம் இடைவெளி விரிந்திருந்தது. ஒரு பக்கத்தை முழுவதும் முடுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். ஸ்கோப்பை வெளியே எடுத்ததும் கறுப்புப் பூச்சின்மேல் ரிங்கின் விளிம்பு கடித்த பிறை வடிவத் தடம் இரண்டு இடத்தில் பளபளத்தது. ரிங் பலமாகப் பிடித்திருக்கிறது. பிடிக்க வேண்டிய அளவைவிட அதிகமாகவே. ஆடியது அதற்குக் கீழே.

முன் பேஸில் இரண்டு ஸ்க்ரூ. ஒன்று கீயை இரண்டு விரலால் திருப்பியதுமே கழன்று வந்தது. இன்னொன்று இறுக்கமாக இருந்தது. அந்த இறுக்கமான ஸ்க்ரூதான் இந்த ஆய்வின் மையம். அதன் நுனியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் முதல் இரண்டு மரை நசுங்கி, முனை தேய்ந்து மினுங்கியது. காரணம் இந்த ரிசீவரின் அமைப்பில் இருக்கிறது. ரெமிங்டன் 700-ல் முன்கோடித் துளை, குழல் ரிசீவருக்குள் மரையோடு ஏறி உட்காரும் இடத்துக்கு நேர் மேலே வருகிறது. ஸ்க்ரூ கொஞ்சம் நீளமாக இருந்தால் அதன் நுனி குழலில் போய் முட்டி நின்றுவிடும். கைக்கு நன்றாக இறுகிய மாதிரி இருக்கும். முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தால்கூட 'கிளிக்' என்று அளவு காட்டும். ஆனால் அந்த விசை எல்லாம் குழலைக் குத்துவதில் போய்விடும், பேஸை அமுக்கிப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பின்னால் உள்ள துளையில் நீளமான ஸ்க்ரூ போனால் போல்ட்டின் காது உரசி, போல்ட் மூடும்போது முரண்டு பிடிக்கும். அது உடனே தெரிந்துவிடும். முன்கோடித் துளையில் நடந்தால் வெளியே எந்த அடையாளமும் இருக்காது.

பேஸ் செட்டில் நீளம் வேறுபட்ட ஸ்க்ரூக்கள் ஒரே பொட்டலத்தில் வருகின்றன. கூட்ட நேரத்தில் ஒன்றை மாற்றிப் போட அரை நொடி போதும். பேஸின் அடிப்பாகத்திலும் துளைகளிலும் எண்ணெய்ப் பிசுக்கு வேறு இருந்தது. தொழிற்சாலையிலோ அலமாரியிலோ துருப் பிடிக்காமல் பூசிய எண்ணெய் அது. அதைத் துடைக்காமலே மாட்டியிருக்கிறார்கள்.

ஆயிரத்தில் ஒரு அங்குலம்

இத்தனை சின்ன ஆட்டம் காகிதத்தில் அத்தனை பெரிதாகத் தெரியுமா என்று பெரியவர் கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு ரிங்குக்கும் நடுவில் சுமார் நாலரை அங்குலம். இலக்கு 100 கெஜத்தில், அதாவது 3,600 அங்குலத்தில். முன் ரிங் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தால், இலக்கில் அது 3,600-ஐ 4.5-ஆல் வகுத்து வருகிற 800 மடங்காகப் பெருகும். 0.8 அங்குலம். ஒரு தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அவ்வளவு. எங்களுக்கு விழுந்த ஐந்து அங்குல விரிவுக்கு இரண்டு முடி கனம் போதும்.

அதை நகர்த்துகிற விசையும் சாதாரணமானதல்ல. எட்டு பவுண்டு எடையுள்ள .30-06 ரைஃபிள் பின்னால் உதைக்கும் ஆற்றல் சுமார் 20 அடி-பவுண்ட். துப்பாக்கி பின்னால் பாய்கிறது. ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அந்த இழுபறி முழுவதையும் தாங்குவது பேஸைப் பிடித்திருக்கும் நாலு குட்டி ஸ்க்ரூ. அவற்றின் அளவு 6-48. விட்டம் மூன்றரை மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 48 மரை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'கையளவில் இறுக்கினால் போதும்' என்று யாராவது சொன்னால் எனக்கு ஏற்க முடிவதில்லை. முடுக்குகிற கை ஆளுக்கு ஆள் வேறு.

வீட்டில் திரும்ப மாட்டியது

வாங்கியது ஒரு டார்க் டிரைவர், ஒரு சின்ன ரசமட்டம், ஸ்க்ரூ தானாகக் கழலாமல் மரையைப் பிடித்து வைக்கும் பசையான லாக்டைட், நீல நிறத்தில் ஒரு குப்பி. டிரைவர் 10 முதல் 65 அங்குல-பவுண்ட் வரை காட்டக்கூடியது. தூக்குக்குண்டுக்கு ஒரு கெட்டி நூலும் ஒரு நட்டும். மொத்தத்தில் நூறு டாலருக்குள் அடங்கியது; இன்னொரு துப்பாக்கிக்கும் அதுவே ஆகும்.

எண்ணெய் எடுப்பதுதான் முதல் வேலை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும் வரை ஒவ்வொரு துளையையும் துடைத்தோம். அப்புறம் பேஸ் இல்லாமல் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தனியாக அதனதன் துளையில் விரலால் ஏற்றி, முட்டும் வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணினோம். பிறகு பேஸோடு சேர்த்து வைத்து எண்ணினோம். பேஸோடு போகும்போது சுற்று குறைய வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் அந்த ஸ்க்ரூ பேஸைப் பிடிக்கும் முன்பே அடியில் முட்டுகிறது என்று பொருள். முன்கோடி ஸ்க்ரூ அப்படித்தான் வந்தது. பொட்டலத்தில் இருந்த குட்டை ஸ்க்ரூவைப் போட்டதும் சரியானது.

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. எந்தக் கருவியும் வேண்டாம். ஸ்கோப் மாட்டுகிற ஒவ்வொருவரும் இதைச் செய்துவிட்டால் போதும், பாதிக் கோளாறு பிறக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

முடுக்கும் அளவு: 6-48 பேஸ் ஸ்க்ரூக்களுக்கு 20 அங்குல-பவுண்ட் அளவிலும், ரிங் மூடிகளுக்கு 15 முதல் 18-க்குள்ளும் வைப்பது வழக்கம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பெட்டிக்குள் இருக்கும் காகிதம் என்ன சொல்கிறதோ அதுவே கடைசி வார்த்தை. பேஸ் ஸ்க்ரூவில் நீல லாக்டைட் ஒரு துளி. சிவப்பு வேண்டாம், அதைக் கழற்ற 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு காட்ட வேண்டியிருக்கும். ரிங் மூடியில் லாக்டைட் தேவையில்லை. ஈர மரையில் ஸ்க்ரூ வழுக்கிக்கொண்டு இறங்குவதால், ரெஞ்ச் 18 காட்டும்போது ஸ்கோப் குழாய் அதைவிடப் பலமாக நெரிபடும். ரிங் மூடியின் நான்கு ஸ்க்ரூவையும் மாறி மாறி, குறுக்காக, கால் சுற்றுக் கால் சுற்றாக இறக்கி இரு பக்க இடைவெளியும் சமமாக வரும்படி பார்க்க வேண்டும்.

கிராஸ்ஹேர் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோடுகள்) நேராக இருப்பதைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நிலைநிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நிற்கும் கோடு நூலோடு ஒன்றும் வரை ஸ்கோப்பைச் சுழற்றினோம். நல்ல வழி, செலவில்லாத வழி. ஆனால் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. கோடு 3 பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கெஜத்தில் குறி வைத்த இடத்திலேயே விழும்படி சரிசெய்த (ஜீரோ செய்த) .30-06 குண்டு 300 கெஜத்தில் 14 அங்குலம் போலக் கீழே இறங்கும். அந்த 14 அங்குலத்தை ஈடுகட்டத் திருகும்போது பக்கவாட்டில் தவறுவது முக்கால் அங்குலம்கூட இல்லை. 600 கெஜத்தில் இறக்கம் நூறு அங்குலத்தை ஒட்டிப் போகும்போதுதான் தவறு ஐந்து அங்குலமாகிறது. பென்சில்வேனியா மரங்களுக்கு நடுவில் 100 கெஜம் தெளிவாகத் தெரிந்தாலே பெரிய விஷயம். கடைக்காரன் கோட்டைச் சாய்த்து மாட்டியிருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். ஸ்க்ரூ நீளத்தைப் பார்க்காததுதான் பொறுக்கவில்லை.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரம் கடையில் யாராலும் சரியாக வைக்க முடியாத ஒன்று. இந்த வகை ஸ்கோப்பில் அது மூன்றரை, நாலு அங்குலம். கடையில் பையன் தன் கண்ணுக்கு, டி-ஷர்ட்டில், நின்றபடி வைத்திருந்தான். பெரியவர் நவம்பர் கடைசிக் குளிரில் கனத்த கோட்டோடு உட்கார்ந்து சுடுபவர். கோட்டின் கனம் துப்பாக்கியை முன்னால் தள்ள, அவர் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. கழுத்தை நீட்டிச் சுடுபவருக்குத்தான் உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் வெட்டும். வீட்டில் அதே கோட்டைப் போடச் சொன்னேன். பெருக்கத்தை 9-ல் வைத்தோம். பெரும்பாலான ஸ்கோப்புகளில் பெருக்கம் கூடக் கூட இந்தத் தூரம் குறைகிறது, அதனால் தூரம் குறைவான நிலையில் பொருத்திவிட்டால் மற்ற நிலைகளில் தொல்லை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் இயல்பாகச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்தார். ஓரத்தில் கருவளையம். ஸ்கோப்பை அரை அங்குலத்துக்கும் மேல் நகர்த்திய பிறகுதான் படம் முழு வட்டமாக வந்தது. "இப்போதுதான் இது என் துப்பாக்கி மாதிரி இருக்கிறது" என்றார்.

கன்ஸ்மித்திடம் போனது

இதற்கு நடுவில் வேலை ஒரு இடத்தில் நின்றது. பின் பேஸைச் சுத்தம் செய்து திரும்ப முடுக்கும்போது ஒரு ஸ்க்ரூ 12 அங்குல-பவுண்டைத் தொட்டதும் இறுகாமல் சுற்றிக்கொண்டே போனது. கழற்றிப் பார்த்தால் ஸ்க்ரூ நன்றாக இருக்கிறது, ரிசீவரில் மரை போயிருக்கிறது. எப்போது போனதோ, யார் கையில் போனதோ தெரியாது. அப்பா காலத்திலிருந்து கழற்றி மாட்டிய துப்பாக்கி.

இங்கே வீட்டு வேலை முடிந்தது. இதற்கான வழி, துளையைப் பெரிதாக்கி 8-40 மரை போடுவது. நாலு மில்லிமீட்டருக்குச் சற்று மேலான விட்டம். கேட்க எளிது. ரிசீவர் கடினப்படுத்திய எஃகு. துளை நூலளவு தள்ளிப்போனாலும் பேஸ் கோணலாக உட்காரும், ஸ்கோப்பின் கிளிக் முழுவதும் அந்தக் கோணலைச் சரிசெய்வதிலேயே தீர்ந்துவிடும். கையில் பிடிக்கும் டிரில்லால் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கெட்ட துப்பாக்கிகள் அப்படித்தான் பிறக்கின்றன.

பெரியவர் போனது கடைக் கவுண்டருக்கு அல்ல, மில்லிங் மெஷின் வைத்திருக்கும் கன்ஸ்மித்திடம், அதாவது துப்பாக்கிக் கைவினைஞரிடம். இந்த வித்தியாசம் முக்கியம். 'காசு கொடுத்து மாட்டினேன்' என்று சொல்பவர்களில் பலர் விற்பனையாளரிடம் கொடுத்திருப்பார்கள். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம், ஒரே ஆள் அல்ல. கன்ஸ்மித் தொழில் செய்ய 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி கூட்டாட்சி உரிமம் வேண்டும். துப்பாக்கியை இரவு தங்க வைத்தால் பதிவேட்டில் வரவு எழுத வேண்டும். காத்திருந்து அன்றே வாங்கிப் போகிற வேலைக்கு அந்தப் பதிவு வேண்டியதில்லை. இது தங்கிய வேலை.

கன்ஸ்மித் ரிசீவரை ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் சட்டம்) பூட்டி, பழைய துளைகளின் நேரை அளந்து, பழுதான ஒன்றை மட்டும் திறக்காமல் நாலையுமே 8-40 ஆக்கினார். பேஸின் துளைகளையும் அதற்கேற்ப விரித்தார். ரிங்குகளின் உட்புறத்தைப் பசை தேய்த்துச் சமன் செய்யட்டுமா என்று கேட்டதற்கு, நல்ல ரிங்கில் அது வீண் வேலை என்று மறுத்துவிட்டார். காசு வரும் வேலையை வேண்டாம் என்று சொன்னவரிடம் எனக்கு மரியாதை கூடியது. கூலி, கடைகள் சாதாரணமாக ஸ்கோப் மாட்ட வாங்குவதைப்போல் பல மடங்கு. அதில் ஒரு டாலர்கூட அதிகம் என்று பெரியவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

ரேஞ்சில்

25 கெஜத்தில் தொடங்கி 100-க்குப் போனோம். மூன்று குண்டு ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தது. முன்பு எந்தத் தோட்டாவைக் குறை சொன்னோமோ அதே தோட்டா. பிறகு ஸ்கோப்பின் மேலிருந்த சந்தேகத்தையும் தீர்த்துவிட ஒரு சதுரம் சுட்டோம். குறியை மாற்றாமல் 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது. எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, 100 கெஜத்தில் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல்; கால் எம்ஓஏ கிளிக்கில் ஒவ்வொரு பக்கமும் ஐந்தேகால் அங்குலம் வர வேண்டும். கடைசிக் குண்டு முதல் குண்டோடு சேர வேண்டும். சேர்ந்தது. குழாயில் பிறைத் தடம் இருந்தாலும் உள்ளே ஒன்றும் கெடவில்லை. இன்னொரு நாள், குளிர்ந்த குழலில் போட்ட முதல் குண்டும் அதே இடத்தில் விழுந்தது. ஸ்க்ரூ தலைக்கும் பேஸுக்கும் குறுக்கே வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறோம். ஸ்க்ரூ அசைந்தால் கோடு உடைந்து காட்டும்.

எதை யாரிடம் கொடுப்பது

துளைகளே இல்லாத பழைய ராணுவ மவுசர் 98 போன்றவை, மரை போனவை, துளை கோணலானவை: யோசிக்காமல் கன்ஸ்மித்திடம் போக வேண்டும். டிக்கா, சிஇசட், ரூகர் ஹாக்கை போல ரிசீவரிலேயே மவுண்ட் வடிவம் கடைந்து வருகிற துப்பாக்கிகளில் ரிங் நேரே உட்காரும். காசு கொடுக்க ஒரு காரணமும் இல்லை. இவற்றுக்கு நடுவில் ரெட்ஃபீல்டு பாணி மவுண்ட் என்று ஒன்று இருக்கிறது. அதில் முன் ரிங்கைப் பேஸுக்குள் செருகித் தொண்ணூறு பாகை திருப்ப வேண்டும். ஸ்கோப்பையே கைப்பிடியாக வைத்துத் திருப்புகிறவர்கள் குழாயை வளைத்துவிடுகிறார்கள். ஒரு அங்குல மர உருளையை ரிங்கில் பிடித்துத் திருப்பினால் போதும், ஸ்கோப் அப்புறம்தான் வர வேண்டும். இது தெரிந்திருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

கடையில் மாட்டக் கொடுப்பதிலும் தப்பில்லை. கை நடுக்கம் உள்ளவர், கண் மங்கியவர், கருவி வாங்க விரும்பாதவர் கொடுக்கட்டும். ஆனால் என்ன அளவில் முடுக்குகிறீர்கள், எண்ணெய் துடைத்தீர்களா, ஸ்க்ரூ நீளம் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். வேட்டைக்குப் போடும் கோட்டைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே தோளில் வைத்துப் பார்க்க வேண்டும். கேட்டதற்கு முகம் சுளித்தால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். பருவம் தொடங்கும் வாரத்தில் கொடுக்காமல் கோடையில் கொடுத்தால் அதே பையன் அதே வேலையை நிதானமாகச் செய்வான்.

பெரியவர் இப்போது பேத்திக்கு .243 தோட்டா போடும் ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறார். அதற்கும் ஸ்கோப் மாட்டித் தருவதாகக் கடையில் சொன்னார்கள். ரிங்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவளுக்கு அவரைவிடக் கழுத்தும் கையும் குட்டை. கண்ணின் தூரத்தை அவள் கோட்டைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் வைக்க முடியும்.